எந்த ரயன்?

7

சனிக்கிழமை சாயங்காலம் லண்டனிலிருந்து வந்த சவப்பெட்டி கில்நாரா கோயிலில் பக்கவாட்டுப் பீடத்துக்கு முன்னால் கிடந்தது. பித்தளைத் தகட்டில் ஜான் ரயன் என்று எழுதியிருந்தது. வேறெதுவும் இல்லை. திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் யாராவது வந்து இவர் எங்கள் வீட்டு ஆள் என்று சொல்லாவிட்டால், கல்லறைத் தோட்டத்தின் வடகிழக்கு மூலையில் இறக்கிவிடுவதாக ஃபாதர் க்ளீசன் ஞாயிறு பூசையில் அறிவித்தார். அந்த மூலையில் கல் நடும் வழக்கம் கிடையாது. பெயரில்லாதவர்களுக்கும், ஒரு காலத்தில் ஞானஸ்நானம் ஆகாத குழந்தைகளுக்கும் அது ஒதுக்கப்பட்டது.

கண்டுபிடிக்கச் சொல்லி சார்ஜன்ட் லேசியிடம் ஃபாதர் கேட்டிருந்தார். எங்கள் கையில் இருந்தது ஒரு நாள்.

ஃபின்டன் லேசி எங்கள் ஊர்க்காரர் அல்ல, வெக்ஸ்ஃபோர்டுக்காரர். போலீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மருந்துக்கடை மாடியில் ஓர் அறை எடுத்து, அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களுக்கு அவர்களுடைய பாட்டன் பூட்டனைத் தேடிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அங்கே தட்டச்சு செய்தேன், தேநீர் போட்டேன், மற்ற நேரம் பேசினேன். அது 1986. எனக்கு ஐம்பத்து நான்கு வயது. அப்போதெல்லாம் நிறையப் பேசுவேன்.

வருகிறவர்களில் பாதிப் பேர் ரயன்கள். அவர்களுக்கென்று ஒரு சிறிய பிரசங்கம் வைத்திருந்தேன். ஆதியில் நாம் ஓ மயோல்ரியன். ரியனுக்குத் தொண்டு செய்தவரின் வழிவந்தவர்கள் என்று அர்த்தம் சொல்கிறார்கள். இந்த மலைகளெல்லாம் ஒரு காலத்தில் நமக்குச் சொந்தம். பிறகு நிலம் போயிற்று, பெயரின் முன்பாதி போயிற்று, ரயன் மட்டும் மிஞ்சியது. அந்த ரியன் யார் என்று அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். யாருக்கும் தெரியாது, நம் முன்னோர் யாரிடம் வேலை பார்த்தார்கள் என்பதையே மறந்துபோன வேலைக்காரர்கள் நாம் என்பேன். சிரித்துவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள்.

கில்நாராவில் ரயன் என்று சொன்னால் ஒன்றும் சொல்லாத மாதிரிதான். நூற்றிருபது வீட்டில் எழுபது வீடு ரயன். அதனால் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வால். வெள்ளை ரயன், சிவப்பு ரயன், பீப்பாய் ரயன், பாலத்து ரயன், குன்று ரயன், மணி ரயன், தொப்பி ரயன். பள்ளிக்கூடப் பதிவேட்டிலும் பால் பண்ணைச் சீட்டிலும் வாலோடுதான் எழுதுவார்கள். நாங்கள் தொப்பி. பண்ணையார் வண்டி போகும்போது என் கொள்ளுத்தாத்தா தொப்பியைக் கழற்றவில்லையாம். அதற்காக வீட்டை இடித்தார்களாம். தொப்பி மிஞ்சியது.

ஞாயிறு மதியம் வரை ஏழு கிளைகளில் ஆறு கிளைகளின் மூத்தவர்கள் வீட்டுக்குப் போய்வந்தோம். எல்லோரிடமும் ஜான் இருந்தார்கள். ஒருவர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார், ஒருவர் சிகாகோவில் தீயணைப்புப் படையில் இருந்தார், மற்றவர்கள் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள். காணாமல்போன ஜான் என்று எந்த வீட்டிலும் இல்லை. ஏழாவது கிளையில் நான் ஒருத்திதான் மிச்சம். என் தம்பி ஜானும் கல்லறைக் கல்லில் இருந்தான்.

"ஆக, ஒரு ஜான் கூடுதலா இருக்கார்" என்றார் சார்ஜன்ட்.

"திருப்பி அனுப்பிடலாமா? அளவு சரியில்லன்னு சொல்லி."

அவர் சிரிக்கவில்லை. ஒரு ஜெப புத்தகத்திலிருந்து கிழித்த தாளைக் கோட்டுப் பையிலிருந்து மறுபடி எடுத்தார். லண்டனில் அந்த மனிதர் தங்கியிருந்த அறையில் அகப்பட்டவை மொத்தம் நான்கு: ஒரு சவரக்கத்தி, நூல் சுற்றிய மூக்குக்கண்ணாடி, இரண்டு முறை அடித்தட்டு மாற்றிய பூட்ஸ், ஒரு ஜெப புத்தகம். அந்தப் புத்தகத்தின் கடைசித் தாள்தான் இது. அதில் எழுதியிருந்தது: ஜான் ரயன், கில்நாரா. என் ஆட்களோடு புதைக்கவும். கில்நாரா என்ற வார்த்தைக்குக் கீழே ஒரு கோடு, தாளின் விளிம்புவரை போய் அங்கேயும் நிற்க மனமில்லாத மாதிரி. ஃபாதர் சனிக்கிழமை இரவே இதைக் கோயில் கதவில் குத்தி வைத்திருந்தார், கையெழுத்தை யாராவது அடையாளம் காண்பார்கள் என்று. பிரயோஜனமில்லை. எங்கள் பள்ளியில் ஒரே வாத்தியார் முப்பது வருஷம் ஒரே எழுத்தைத்தான் பிரம்பால் சொல்லிக்கொடுத்தார். கில்நாராவில் எல்லோருக்கும் ஒரே கையெழுத்து.

"கோடு தீர்றதுக்கு முன்னாடி தாள் தீர்ந்துபோச்சு பாருங்க" என்று நான் கதவருகே நின்று சொல்லியிருந்தேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஏன் வாலை எழுதல?" என்றார் சார்ஜன்ட். "இங்க பிறந்தவன், இங்க புதைக்கணும்கிறான். எந்த ரயன்னு எழுதாம விட்டா யாருக்கும் புரியாதுன்னு அவனுக்குத் தெரியாதா?"

"லண்டன்ல ஒரு ரயன் போதும். முப்பது வருஷம் இருந்தா வால் உதிர்ந்துடும்."

"மறந்துட்டான்ங்கிற. இருக்கலாம். இல்ல, சொல்லாதேன்னு யாராவது சொல்லியிருக்கலாம்."

கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கல்லில் இருக்கிற ஜான்களை எண்ண வேண்டும் என்றார். வீடுகளில் சொன்னது, எங்கள் ஜானையும் சேர்த்து, பதினோரு பேர். பிப்ரவரி மாதத்து ஈரம் காலுறைவரை ஏறியது. நான் பெயர் படித்தேன், அவர் நோட்டில் குறித்தார். பத்துக் கல் ஆயிற்று. பதினோராவது எங்கள் கல். எனக்கு அதைப் படிக்கத் தேவையில்லை. அப்பா, அம்மா, நடுவில் ஜான், லண்டனில் இறந்தது 1958, வயது இருபத்து மூன்று.

எங்கள் கல்லறைமேல் புல் வெட்டியிருந்தது.

தலையணை அளவுக்கு ஒரு சதுரம். புல்லோடு சேர்ந்த மண்கட்டியைப் பெயர்த்து, வேர் மேலே பார்க்கிற மாதிரி கவிழ்த்து, அதே பள்ளத்தின் ஓரத்தில் வைத்திருந்தார்கள். வெட்டின இடம் இன்னும் கறுப்பாக, ஈரமாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் திங்கட்கிழமை குழி திறக்க மாட்டார்கள். திறந்தால் அந்த வருஷம் அதே வீட்டில் இன்னொன்று விழும் என்பார்கள். திங்கட்கிழமை அடக்கம் என்றால் முந்தின நாளே போய் ஒரு புல்கட்டியைத் திருப்பிப் போட்டுவிட வேண்டும். வேலை ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்துவிட்டது என்று கணக்கு.

"எனக்காத்தான் இருக்கும்" என்றேன். "யாரோ அவசரப்படறாங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குளிச்சுட்டு வந்திருப்பேன்."

சார்ஜன்ட் குனிந்து பார்த்தார். பிறகு நடந்து வடகிழக்கு மூலைக்குப் போனார். அங்கே ஒரு புல்லும் கலையவில்லை. திரும்பி வந்தார்.

எனக்கு அது எளிதாகப் புரிந்தது. குழி வெட்டுகிறவன் நீனா டவுனிலிருந்து வருகிற வெளியாள். ரயனுக்குக் குழி என்று சொல்லியிருப்பார்கள். எந்த ரயன் என்று கேட்காமல் கண்ணில் பட்ட ரயனில் வெட்டிவிட்டான். கில்நாராவில் இந்தத் தவறு புதிதல்ல. ஒரு தடவை பாலத்து ரயனுக்கு வந்த கன்றுக்குட்டியைக் குன்று ரயன் ஆறு மாதம் வளர்த்தார்.

"கேட்டுடலாம்" என்றார் சார்ஜன்ட்.

டெலிபோன் பூத்திலிருந்து குழிவெட்டியைக் கூப்பிட்டார். அவன் பெயர் டூலன். நான் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. டூலன் கில்நாராப் பக்கம் இன்னும் வரவேயில்லை என்றும், திங்கட்கிழமை, புல்கட்டி இதெல்லாம் மலைக்காரர்களின் பேத்தல் என்றும், நாளை ஒன்பது மணிக்கு மண்வெட்டியோடு வருவதாகவும், வேண்டுமானால் மூலையில் ஒரு அடி கூடுதல் ஆழமாகவே வெட்டித் தருவதாகவும் சொன்னானாம்.

"அப்போ தப்பு நடக்கல" என்றார் சார்ஜன்ட்.

"பின்னே?"

"திங்கட்கிழமையை நம்புற ஆள் வெட்டியிருக்கார். இந்த ஊர் ஆள். அந்த லண்டன் மனுஷனை மூலையில போட அவருக்கு மனசு வரல. ஆனா வாயைத் திறந்து சொல்லவும் முடியல. சொல்லாம இருந்துட்டு, கடைசியில யாராவது கண்டுபிடிச்சா குழிக்குத் தோஷம் வரக்கூடாதுன்னு ஒரு கட்டியைத் திருப்பிப் போட்டுட்டுப் போயிருக்கார்."

"எங்க கல்லறையிலயா? அவருக்குக் கண்ணு தெரியலபோல."

சார்ஜன்ட் கார் கதவைத் திறந்தார். ஏறிய பிறகும் வண்டியைக் கிளப்பவில்லை. இங்கே குழி வெட்டுவது யார் என்று கேட்டார். தெரிந்துகொண்டே கேட்கிறார் என்று எனக்குப் பட்டது. இறந்தவர் வீட்டுக்காரர்கள் மண்வெட்டியைத் தொடவே கூடாது, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் வெட்டுவார்கள் என்றேன். ஆளில்லாத பிணம் என்பதால்தான் டூலனை வரவழைத்திருக்கிறார்கள்.

"உங்க வீட்டுக்கு அக்கம்பக்கம் யாரு?"

"ரெண்டே வீடு. ஒண்ணு ட்ரேஸி அம்மா. இடுப்பு போயி நாலு வருஷமாச்சு, கரண்டியே தூக்க மாட்டா. இன்னொண்ணு டென்னி ஹாக்கெட்."

"தபால்காரர்."

"ஓய்வுபெற்ற தபால்காரர். அப்படிச் சொல்லாட்டி கோவிச்சுப்பார்."

அப்போதும் கிளப்பவில்லை.

"டெலியா, உங்க ஜானை எங்க புதைச்சாங்க?"

"லண்டன்ல. கூட வேலை பார்த்தவங்க புதைச்சாங்க. சாரம் சரிஞ்சு விழுந்தான். தந்தி வந்தது."

"தந்தியை நீ பார்த்தியா?"

"அப்பா பார்த்தார்."

"இருந்தா இப்போ அவருக்கு என்ன வயசு?"

"செத்தவனுக்கு வயசு ஏறாது சார்ஜன்ட்" என்றேன். ஒரு கேலியாகத்தான் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு முன்கண்ணாடியைப் பார்த்தேன். அதில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஐம்பத்தொன்று. சவப்பெட்டியோடு வந்த லண்டன் ஆஸ்பத்திரிக் காகிதத்திலும் ஐம்பத்தொன்று என்றுதான் இருந்தது. அதன் நகலை நான்தான் தட்டச்சு செய்தேன்.

ஹாக்கெட் வீட்டுக்குப் போகிற வழியில் நான் எதுவும் பேசவில்லை என்று சார்ஜன்ட் பின்னால் ஒருநாள் சொன்னார். எனக்கு ஞாபகமில்லை. ஓரத்தில் நின்ற மாடுகள் ஞாபகம் இருக்கின்றன.

டென்னி ஹாக்கெட்டுக்கு எழுபத்தைந்து வயது. பின்வாசலில் மண்வெட்டி சாய்த்து வைத்திருந்தது. கழுவியிருந்தார், ஆனால் பிடிக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு புல் ஒட்டிக்கொண்டிருந்தது. சார்ஜன்ட் அதைப் பார்த்ததை ஹாக்கெட் பார்த்தார். உள்ளே கூப்பிட்டு, கேட்காமலே தேநீர் ஊற்றினார். எனக்கு மட்டும் சர்க்கரை இரண்டு கரண்டி. சின்ன வயதில் அப்படித்தான் குடிப்பேன்.

சார்ஜன்ட் கேட்டது ஒரே கேள்வி. அந்தத் தாளில் எதைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொண்டீர்கள் என்றார்.

ஹாக்கெட் ரொட்டித் துண்டைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

"கோட்டைப் பார்த்து" என்றார். "நீங்கல்லாம் கடிதத்தைப் படிப்பீங்க. நான் விலாசத்தைப் படிக்கிறவன். கில்நாராவுக்குக் கீழே ஒரு கோடு போடுவான், உறையோட ஓரம் வரைக்கும். பன்னெண்டு உறையில பார்த்திருக்கேன்."

மற்றதை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். 1958 வசந்தத்தில் ஜான் லண்டனில் ஒரு பெண்ணைப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டான். அவள் வேறு சபை, ஏற்கெனவே ஒருவரோடு வாழ்ந்து பிரிந்தவள். அதை மறைக்காமல் அப்பாவுக்கு எழுதினான். அடுத்த வாரம் அப்பா சாரம் சரிந்த கதையைச் சொன்னார். பூசை வைத்தார். கல்வெட்டுகிறவரை வரவழைத்தார். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு லண்டன் முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. அப்பா ஹாக்கெட்டை வேலியோரம் நிறுத்தி, நடந்ததைச் சொல்லி, கடிதத்தை வாங்கி, பிரிக்காமல் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். வருஷத்துக்கு இரண்டு, ஆறு வருஷம் வந்தன. 1964-க்குப் பிறகு வரவில்லை.

"அப்பா பேருக்கா வந்தது?" என்று கேட்டேன்.

ஹாக்கெட் முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"உன் பேருக்கு வந்தது, டெலியா. பன்னெண்டும்."

அடுப்பில் கரி சரிந்தது. சார்ஜன்ட் தன் கோப்பையைத் தட்டில் மெதுவாக வைத்தார்.

"திருப்பி அனுப்பும்போது மேல என்ன எழுதுனீங்க?" என்று நான் கேட்டேன்.

"இந்தப் பேர்ல இங்க யாரும் இல்லன்னு. அவர் அப்படி எழுதச் சொன்னார். நான் எழுதினேன்."

"ஒண்ணாவது வெச்சிருக்கீங்களா?"

"இல்ல. அது தபால். வெச்சுக்கக் கூடாது."

அப்படித்தான் அவர். இருபத்தெட்டு வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தார். ஒவ்வொரு நவம்பரிலும் நான் ஜானுக்காகப் பூசை வைக்கும்போது எனக்குப் பின் வரிசையில் முழங்காலிட்டிருந்தார். அவர்மேல் கோபம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. ஜானுக்காக 1958-ல் மூன்று வாரம் அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன், தலைமுடி கொட்டிற்று. அந்த வேலை முடிந்துவிட்டது. இப்போது மறுபடி செய்யச் சொன்னால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தேநீரைக் குடித்து முடித்தேன். தித்திப்பு அதிகமாக இருந்தது.

சவப்பெட்டித் தகட்டுக்குக் கீழே இருக்கிறவன் பன்னிரண்டு தடவை டெலியா அங்கே இல்லை என்ற பதிலை வாங்கியவன். அவன் நம்பியிருப்பான். அவன் கணக்கில் நானும் செத்துப்போன ஆள்.

"வாலை ஏன் எழுதலன்னு கேட்டீங்களே சார்ஜன்ட்" என்றேன். "பிடுங்கிட்டாங்க."

அவர் தலையசைத்தார். பிறகு போலீஸ்காரராக இருந்தபோது வீடு வீடாகக் கெட்ட செய்தி சொல்லிப் பழகின குரலில் சொன்னார்.

"நீ சொன்னாத்தான் அவர் அங்க போக முடியும். வேற யாரும் சொல்ல முடியாது. சொன்னா, உங்கப்பா பொய் சொன்னார்னு ஊருக்கே தெரியும். இன்னொண்ணு. அந்தக் கல்லறையில..."

"ஒரு இடம்தான் இருக்கு. தெரியும். நான்தானே அதுக்கு வருஷா வருஷம் புல் வெட்டறேன்."

எங்கள் கல்லறைத் தோட்டம் நிரம்பிப் பல வருஷமாகிறது. புதிதாக யாருக்கும் இடம் ஒதுக்குவதில்லை. சொந்தக் கல்லறை உள்ளவர்கள் அதில் போவார்கள். மற்றவர்களுக்கு மூலை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேறொரு வீட்டுக் கல்லில் எனக்கு உரிமை கிடையாது. அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த இடத்தை இருபது வருஷமாக என்னுடையதென்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றிக் கேலிகூடப் பேசுவேன். வெயில் விழுகிற பக்கம், சுவர் ஓரம், காற்று அடிக்காது.

"யோசிச்சுச் சொல்லு" என்றார் சார்ஜன்ட். "காலை வரைக்கும் நேரம் இருக்கு."

நான் ஹாக்கெட்டிடம் திரும்பினேன்.

"நாளைக்குக் குழி வெட்ட எத்தனை பேர் வருவீங்க?"

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு எண்ணினார். மணி ரயன் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர், பாலத்து ரயன் ஒருவர், தான். தனக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் முதல் மண்ணைத் தானே எடுப்பதாகச் சொன்னார்.

"நாலு பேர். அப்போ சாண்ட்விச் எட்டுப் பேருக்குப் போடறேன். ஹாம் பிடிக்குமில்ல?"

டென்னி ஹாக்கெட் அழுதார். நான் கோப்பைகளைக் கழுவி வைத்தேன்.

பாதிரியார் வீட்டுக்கு நாங்கள் போனபோது விளக்கேற்றும் நேரம். ஃபாதர் க்ளீசன் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், சட்டையில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது. சார்ஜன்ட் நின்றபடியே சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார், பதினைந்து வாக்கியம் இருக்கலாம். அப்பாவைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சேர்க்கவில்லை. ஃபாதர் நடுவில் இரண்டு முறை சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம் துணித்துண்டால் கை துடைத்து, அடக்கப் பதிவேட்டை எடுத்து மேஜையில் விரித்தார்.

பெயர், ஜான். குடும்பப் பெயர், ரயன். வயது, ஐம்பத்தொன்று. இறந்த இடம், லண்டன். எல்லாம் சனிக்கிழமையே எழுதி வைத்திருந்தார். ரயனுக்குப் பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருந்தார்.

பேனாவைத் திறந்து என்னைப் பார்த்தார். பதில் தெரியும் அவருக்கு, இருந்தாலும் உறவுக்காரர் வாயால் சொல்ல வேண்டும் என்பது முறை.

"எந்த ரயன்?"

"தொப்பி" என்றேன்.

எழுதினார். அந்தக் காகிதத்தில் மை கொஞ்சம் பரவியது. ஊதிக் காயவைத்தார். பிறகு அவருக்கு ஞாபகம் வந்தது போலிருக்கிறது, கல்லறைத் தோட்டத்தின் வரைபடத்தை இழுத்து எங்கள் கட்டத்தில் விரலை வைத்தார். மூன்றாவது இடத்தில் பென்சிலால் டெலியா என்று மெலிதாக எழுதியிருந்தது. அதை யார் எப்போது எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்பாவாக இருக்கலாம்.

"அப்போ நீ, டெலியா?"

"மூலை காலியாகத்தானே இருக்கு ஃபாதர். குழிகூட வெட்டச் சொல்லிட்டீங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. சார்ஜன்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மேஜையிலிருந்த ரப்பரை எடுத்து ஃபாதரிடம் கொடுத்தேன். அவர் வாங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்ததால் நானே அழித்தேன்.